சியுகியின் உயரமும் இகுதோவின் கத்தரிக்கோலும்

கேள்வி, 8 பிப்ரவரி 2025

‘ஸ்மைல் டவுன் த ரன்வே’ என்ற ஜப்பானிய அனிமேயின் (அனிமேஷன் தொடரின்) பன்னிரண்டு எபிசோடும் பார்த்து முடித்தேன். பிடித்திருந்தது. ஆனால் அஸ்திவாரமே இடிக்கிறது. பாரிஸ் மாடலாக ஆசைப்படும் நாயகி சியுகியின் உயரம் 158 செ.மீ. பாரிஸ் ரன்வேயில், அதாவது ஃபேஷன் ஷோ மேடையில், நடக்கக் குறைந்தது 175 செ.மீ. வேண்டும். இந்த இடைவெளி மனஉறுதியால் தாண்டக்கூடியதா? ‘விடாமல் முயன்றால் கிடைக்கும்’ என்ற வழக்கமான ஷோனென் (ஜப்பானில் பையன்களுக்காக எழுதப்படும்) கதைக்கு அழகான உடை மாட்டிவிட்டார்களா? துணித்தொழில் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

9 பிப்ரவரி 2025

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் சாம்பிள் பிரிவில் பேட்டர்ன் வேலை, அதாவது துணி வெட்டுவதற்கான காகித அச்சு வரையும் வேலை, செய்கிறேன். ரன்வே மாடல்கள் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் உடம்பின் அளவுகளோடுதான் என் பிழைப்பு. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

உயரமாக இருந்தால்தான் அழகு என்பதால் 175 கேட்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் ஓரளவு உண்டு. ஆனால் கதவை உண்மையில் அடைத்து நிற்பது சாம்பிள், அதாவது மாதிரி உடை. ஒரு கலெக்‌ஷனில் ஒவ்வொரு உடைக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு பிரதிதான் தைப்பார்கள். யார் அணிந்து நடக்கப் போகிறார் என்று தெரிவதற்கு முன்பே அது வெட்டித் தைத்துத் தொங்கிக்கொண்டிருக்கும். மாடல் தேர்வு ஷோ நெருங்கும் நாட்களில் நடக்கும். அப்புறம் ஃபிட்டிங். அங்கே இங்கே பின் குத்திச் சரிசெய்வதோடு சரி. ஆக உடை முதலில் வருகிறது, அதற்குள் நுழையக்கூடிய உடம்பு பிறகு தேடப்படுகிறது.

கடைக்குப் போகும் துணியில் இப்படி இல்லை. நாங்கள் ஒரு அடிப்படை அளவில், பெரும்பாலும் மீடியத்தில், சாம்பிள் தைத்து ஒப்புதல் வாங்குவோம். பிறகு அந்தப் பேட்டர்னை கிரேடிங் செய்து மற்ற எல்லா அளவுகளுக்கும் இறக்குவோம், ஏற்றுவோம். ஒரே சட்டைக்குள் பல உடம்புகளுக்கு இடம் கிடைப்பது அந்த வேலையால்தான். ரன்வேயில் கிரேடிங் கிடையாது. ஒரே அளவு. அந்த அளவுக்கு வெளியே நிற்கும் பெண் எவ்வளவு அருமையாக நடந்தாலும், அவளுக்காக உடையை மறுபடி வெட்ட யாரும் உட்காரமாட்டார்கள்.

இப்போது கதையைப் பாருங்கள். ஆசிரியர் இனோயா கொதொபா ஒரு குள்ளமான மாடலைத் தனியாக ஓடவிடவில்லை. அவளோடு, தைக்கத் தெரிந்த இகுதோ என்ற பையனைக் கட்டிப்போட்டார். சியுகியிடம் தன்னம்பிக்கை ஏற்கெனவே நிறைய இருக்கிறது, சில இடங்களில் அளவுக்கு மீறியும் இருக்கிறது. இல்லாதது, அவள் உடம்பை வைத்து வெட்டும் ஒரு கை. முதல் எபிசோடில் அவள் மில் நேஜ் என்ற மாடலிங் நிறுவனத்தின் தேர்வில் பாஸாவது இகுதோ தைத்த உடையைப் போட்டுக்கொண்டுதான். அதனால் இதை மனஉறுதிக் கதை என்று நான் பார்க்கவில்லை. பேட்டர்ன் கதை என்றுதான் பார்க்கிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுவே, ஆனால் இன்னும் நிறைய சொல்ல இருக்கிறது.

9 பிப்ரவரி 2025, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. 175க்குக் கீழே யாரும் நடந்ததில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டிஷ் மாடல் கேட் மாஸின் உயரம் 170 அளவில்தான் சொல்லப்படுகிறது. 1990களில் அவரைச் சுற்றி ஒரு காலகட்டமே உருவானது. ஆனால் 170க்கும் 158க்கும் நடுவில் உள்ளது வெறும் சில விரற்கடை இல்லை. 170ஐ ஹீல்ஸ் போட்டுச் சமாளிக்கலாம். 158இல் உடையின் இடுப்பே இடம் மாறிவிடும்.

11 பிப்ரவரி 2025

‘உடை நீளமாக இருந்தால் கீழே மடித்துத் தைத்துவிட வேண்டியதுதானே?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. இரண்டாம் மூன்றாம் எபிசோடுகளின் உயிரே இதில்தான் இருக்கிறது.

யனகிடா என்ற டிசைனரின் ஷோவில் நடக்க வேண்டிய மாடலுக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் சியுகி வருகிறாள். உயரமான பெண்ணுக்கென்று தைத்த உடையை அவளுக்குப் பொருத்தும் வேலை இகுதோ தலையில் விழுகிறது. பார்ப்பவர்களுக்கு இது நேரத்தோடு நடக்கும் ஓட்டம். எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு காரணத்தால்.

உயரமானவருக்கு வெட்டிய கவுனில் இடுப்பு ஓர் இடத்தில் இருக்கும். மார்பு டாட்டின் முனை ஓர் இடத்தில் நிற்கும். முழங்கால் எங்கே வரும், பாவாடை எங்கே விரியத் தொடங்கும், கைக்குழி எவ்வளவு ஆழம், எல்லாம் அந்த உயரத்தை நம்பி முடிவு செய்தவை. கீழ்விளிம்பை மட்டும் ஏற்றினால் நீளம் சரியாகும், மற்ற எல்லாம் கெடும். இடுப்பு கீழிறங்கி இடுப்பெலும்பில் உட்காரும். டாட் முனை மார்புக்குக் கீழே போய் நிற்கும். விரிந்து ஆட வேண்டிய துணியைத்தான் வெட்டி எறிந்திருப்போம். டிசைனர் எதை நினைத்து அந்த உடையை வரைந்தாரோ அது போய்விடும்.

என் பிரிவில் வயதான மாஸ்டர் ஒருவர் இருந்தார். ஒரு முறை வாங்குபவர் தரப்பு, ஒப்புதல் கொடுத்த ஓர் உடையையே உயரம் குறைந்த பெண்களுக்கான அளவிலும் கேட்டது. மாஸ்டர் காகிதப் பேட்டர்னை எடுத்து மார்புக்கு மேலே ஒரு மடிப்பு, மார்புக்கும் இடுப்புக்கும் நடுவே ஒன்று, இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே ஒன்று என்று குறுக்கே சிறு சிறு மடிப்புகளாகப் போட்டார். கையிலும் அப்படியே. குறைக்க வேண்டிய மொத்த நீளத்தை உடம்பு முழுக்கப் பங்கு போட்டுக் கொடுத்தார். தைத்து டம்மியில் மாட்டியதும் அதே உடை, அதே முகத்தோடு சின்னதாக நின்றது. அந்த வேலையின் நேர்த்தியை நான் இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு. அவருக்கு முன்னால் காகிதம் இருந்தது, நேரம் இருந்தது. இகுதோவுக்கு முன்னால் தைத்து முடித்த உடை இருந்தது, ஷோ தொடங்கிவிட்டது. தைத்ததைப் பிரித்து அளவு குறைப்பது புதிதாகத் தைப்பதைவிடக் கடினம். பள்ளிப் பையன் அதைச் செய்கிறான் என்பது நம்ப முடியாத அளவுக்கு ஊதப்பட்டதுதான். ஆனால் எது கடினம் என்பதில் கதை பொய் சொல்லவில்லை. அதற்காகவே அந்த எபிசோடைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

12 பிப்ரவரி 2025

‘டாட்’ என்றால் என்ன என்று கேட்டவருக்கு: தட்டையான துணியை உடம்பின் வளைவுக்குக் கொண்டுவர, முக்கோணமாகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு. ஜாக்கெட்டில் மார்புப் பக்கம் தைத்திருப்பார்களே, அதேதான்.

15 பிப்ரவரி 2025

சியுகி ரன்வேயில் விழுந்து, எழுந்து, சிரிக்கும் காட்சி ‘மிகையான நாடகம்’ என்று இங்கே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். 1993ஐ நினைவுபடுத்துகிறேன். பாரிஸில் விவியன் வெஸ்ட்வுட் என்ற டிசைனரின் ஷோ. மிக உயரமான பிளாட்ஃபார்ம் காலணியோடு நடந்த பிரபல மாடல் நவோமி கேம்ப்பெல் கால் பிசகி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார். எழுந்தார், நடந்தார். அந்த ஷோவின் உடைகளை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்? அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்தக் காலணி இப்போது லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆகவே நாடகம் என்று ஒதுக்க முடியாது. ஃபேஷன் உலகத்திலேயே இப்படி நடந்திருக்கிறது.

16 பிப்ரவரி 2025

நேற்று எழுதியதை இன்னும் கொஞ்சம் யோசித்தேன். நவோமி ஏற்கெனவே நவோமி. விழுந்தாலும் அவர் இடத்தை யாரும் எடுக்கப் போவதில்லை. சியுகி விழும்போது அவளுக்கு அங்கே இடமே இல்லை. ‘நான் சொன்னேன் அல்லவா’ என்று சொல்லக் காத்திருக்கும் ஆட்கள் முன்னால் விழுகிறாள். அதனால் அந்த இரண்டு சிரிப்பும் ஒன்றல்ல. சியுகியின் சிரிப்பில் துணிச்சல் அதிகம், விலையும் அதிகம். மாடல் முகம் காட்டக் கூடாது, உடைதான் பேச வேண்டும் என்ற விதியை அவள் மீறுகிறாள். பார்வையாளர்களின் கண் உடையிலிருந்து அவள் முகத்துக்குத் தாவுகிறது. ஒரு டிசைனராக யனகிடாவுக்கு அதில் கோபம் வர நியாயம் உண்டு. கதை அந்த நியாயத்தையும் மறைக்காமல் வைப்பது எனக்குப் பிடித்தது.

19 பிப்ரவரி 2025

‘ரன்வேயில் சிரிக்கக் கூடாது என்று எப்போதிலிருந்து?’ என்ற கேள்வி வந்திருக்கிறது. இதற்கு நீளமாகத்தான் எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர்கள் பாரிஸுக்குப் போன கதையே இதற்குள் இருக்கிறது.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1970களிலும் 80களிலும் மாடல்கள் சிரித்தார்கள், சுழன்றார்கள், ஆடினார்கள். உணர்ச்சியற்ற முகம் பரவலானது 90களில். அந்த மகிழ்ச்சியான பழைய ரன்வேயின் பெரிய ஆள் யார் தெரியுமா? ஜப்பானிய டிசைனர் தகாடா கென்சோ. டோக்கியோவின் புங்கா ஃபேஷன் கல்லூரி ஆண்களைச் சேர்க்கத் தொடங்கிய புதிதில், 1958இல், அங்கே சேர்ந்தார். 1960இல் சோஎன் விருது வாங்கினார். 1964 ஒலிம்பிக்ஸுக்காக அவர் குடியிருந்த கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லி நஷ்டஈடு கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் கப்பல் ஏறினார். 1965 தொடக்கத்தில் பாரிஸ் சேர்ந்தார். மொழி தெரியாது, ஆள் தெரியாது. 1970இல் சொந்தக் கடை திறந்தார். நிறமும் பூவும் கிமோனோ வெட்டும் கலந்த உடைகள். 70களின் கடைசியில் சர்க்கஸ் கூடாரத்தில் ஷோ நடத்தி, முடிவில் தானே யானை மேல் ஏறி வந்தார். அந்தக் கூடாரத்தில் சிரிக்காமல் இருந்தது யானை மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

1977இல் டிசைனர் மோரி ஹனாயே பாரிஸின் ஓத் கூத்யூர் (ஒருவருக்கென்றே கையால் தைக்கும் உயர்தர உடை) அமைப்பில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஆசியாவிலிருந்து முதல் ஆள் அவரே. 1981இல் கவாகுபோ ரெய், யமமோதோ யோஜி என்ற இரண்டு டிசைனர்கள் பாரிஸுக்கு வந்தார்கள். கறுப்பு, தளர்வு, ஓட்டை, வெட்டி விட்டது போன்ற விளிம்பு. பாரிஸ் பத்திரிகைகள் முகம் சுளித்தன. பிறகு உலகமே அவர்களைப் பின்பற்றியது.

இந்த அனிமே ஒளிபரப்பானது 2020 ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு ஜப்பானிய டிசைனர் யமமோதோ கன்சாய் காலமானார். அக்டோபரில் கொரோனாவில் கென்சோவும் போனார். பாரிஸை நோக்கி ஏங்கும் பிள்ளைகளின் கதை வந்த ஆண்டிலேயே, அந்த வழியை வெட்டிக் கொடுத்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு அது மனதை உறுத்தியது. சியுகி சிரிக்கும்போது கென்சோவின் கூடாரம்தான் எனக்குத் தெரிகிறது. இனோயா அதை நினைத்து எழுதினார் என்று சொல்லவில்லை. எனக்கு அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான்.

20 பிப்ரவரி 2025

சோஎன் விருது பற்றிக் கேட்டவர்களுக்கு: புங்கா கல்லூரியின் பதிப்பகம் நடத்தும் ‘சோஎன்’ என்ற பத்திரிகை 1956இலிருந்து புதிய டிசைனர்களுக்குக் கொடுத்துவரும் விருது. கென்சோவுக்குக் கிடைத்தது. 1969இல் யோஜிக்கும் கிடைத்தது. அனிமேயின் பின்பாதியில் வரும் கெய்கா பல்கலைக்கழகப் போட்டி இந்தப் பரம்பரையில் வந்ததுதான். மாணவர் போட்டிக்கு எதற்கு இவ்வளவு பதற்றம் என்று கேட்டால், ஜப்பானில் மாணவர் போட்டி அப்படிப்பட்ட வாசல் என்பதே பதில்.

24 பிப்ரவரி 2025

இதுவரை சியுகியையே பேசிக்கொண்டிருக்கிறோம். இகுதோவை யாரும் தொடவில்லை.

தகப்பன் இல்லாத வீடு. அம்மா மருத்துவமனையில். மூன்று தங்கைகள். அவர்களுக்கு உடை வாங்கக் காசில்லாமல் இவன் தைக்கத் தொடங்குகிறான். பள்ளி முடித்ததும் வேலைக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட பையன். கல்லூரியில் டிசைன் படிப்பது அவன் கணக்கிலேயே இல்லை. முதல் எபிசோடில் அவன் தயங்கித் தயங்கித் தன் ஆசையைச் சொல்கிறான். சியுகி என்ன சொல்கிறாள்? ‘உன்னால் முடியாது’ என்கிறாள். வாழ்நாள் முழுக்க அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு வெந்தவள், எதிரில் இருப்பவனிடம் யோசிக்காமல் அதையே சொல்கிறாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைக்கிறது. முழுத் தொடரிலும் எனக்கு மிகப் பிடித்த எழுத்து அதுதான். உயரம் என்ற அளவுகோலால் ஒதுக்கப்பட்டவள், பணம் என்ற அளவுகோலை எடுத்து இன்னொருவனை ஒதுக்குகிறாள். தான் காயப்பட்டவள் என்பதால் யாரும் தானாக நியாயமானவளாகிவிடுவதில்லை என்று எவ்வளவு அமைதியாகக் காட்டிவிட்டார்கள்!

எங்கள் ஊரில் இகுதோக்கள் நிறைய. சாம்பிள் டெய்லர்களில் சிலர் துணியைத் தொட்டதுமே அது எப்படி விழும் என்று சொல்லிவிடுவார்கள். வெளிநாட்டு டிசைனர் அனுப்பிய வரைபடத்தில் உள்ள தப்பை, தைப்பதற்கு முன்பே கண்டுபிடிப்பார்கள். அவர்களில் பலர் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர்கள். டிசைனர் என்ற பெயர் அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இந்தத் தொடரை அவர்கள் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தமிழில் குரல் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

25 பிப்ரவரி 2025

‘இகுதோ கண்ணீர் அதிகம் விடுகிறான்’ என்ற புகாருக்கு: விடட்டுமே.

2 மார்ச் 2025

தொடரில் வரும் இன்னொரு மாடல் கொகொரோ பற்றி. 181 செ.மீ. சியுகி பிரார்த்தித்தும் கிடைக்காத உயரம் இந்தப் பெண்ணுக்கு அப்படியே இருக்கிறது. ஆனால் அவளுக்கு மாடலாக இருக்க விருப்பமில்லை. தைக்க வேண்டும், டிசைனர் ஆக வேண்டும். அவளுடைய மேனேஜர் இகராஷி விடமாட்டேன் என்கிறார்.

இகராஷியை வில்லியாகப் பார்ப்பவர்கள் அதிகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவ்வளவு அரிய உடம்பு அமைந்திருக்கும்போது அதை விட்டுவிட்டு, திறமை இன்னும் நிரூபணமாகாத வேறொரு துறைக்குப் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால், பொறுப்புள்ள பெரியவர் தடுக்கத்தான் பார்ப்பார். அந்தத் தடுப்பு கொடுமையாக மாறும் இடமும் வருகிறது. அங்கே நான் கொகொரோ பக்கம். இருந்தாலும் அந்த வாதத்தின் வலிமையைக் கதை குறைத்துக் காட்டவில்லை.

சியுகியும் கொகொரோவும் ஒரே அறையில் நிற்கும் காட்சிகளில் யாரும் யாரையும் பார்த்துப் பெருந்தன்மையாக வாழ்த்திக்கொள்வதில்லை. சியுகிக்குக் கோபம் வருகிறது. ‘எனக்குக் கிடைக்காததை நீ வேண்டாம் என்கிறாயா?’ என்ற அந்தக் கோபம் அசிங்கமானது, உண்மையானது. அதைத் துடைத்துச் சுத்தமாக்காமல் விட்டதற்கு நன்றி.

9 மார்ச் 2025

யாரோ ‘பாரடைஸ் கிஸ்’ என்ற இன்னொரு ஃபேஷன் கதையின் பெயரை இழுத்துவிட்டார்கள். இனி நான் நிறுத்தமாட்டேன். முடிவைப் பற்றியும் பேசப் போகிறேன், பார்க்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுங்கள்.

யசாவா ஆய் 1999இலிருந்து 2003 வரை ‘ஸிப்பர்’ என்ற ஃபேஷன் பத்திரிகையில் எழுதி வரைந்தது. 2005 அக்டோபரில் மேட்ஹவுஸ் நிறுவனம் அனிமேயாக எடுத்தது. இயக்கியவர் கோபயாஷி ஒசாமு. அதுவும் பன்னிரண்டு எபிசோடுதான். கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்துப் படித்துச் சலித்த யுகாரியைத் தெருவில் பிடித்து, தங்கள் ஷோவுக்கு மாடலாகக் கேட்கிறார்கள் நான்கு ஃபேஷன் மாணவர்கள். அவர்களின் தலைவன் ஜார்ஜ்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். அங்கே உயரம் பிரச்சினையே இல்லை. யுகாரிக்கு அது பிறப்பிலேயே இருக்கிறது. அங்கே பிரச்சினை விலை. ஜார்ஜ் தைப்பது ஓத் கூத்யூர் வகை உடை. ஒரு பெண்ணின் உடம்புக்கு, கையால், நாள்கணக்கில். அழகு, அதில் சந்தேகமில்லை. யார் வாங்குவார்கள்? துணிக்கும் உழைப்புக்கும் நியாயமான விலை போட்டால் யாருக்கும் எட்டாது, எட்டும் விலை போட்டால் தைத்தவனுக்குக் கட்டாது. கடையில் வைத்துப் பார்க்கிறார்கள், போகவில்லை. ஷோவில் முதல் பரிசும் கிடைப்பதில்லை. கடைசியில் அந்தக் குழுவே கலைகிறது.

ஓத் கூத்யூர் என்பது யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும் பெயர் இல்லை. 1945இலிருந்து பிரான்சில் சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர். பாரிஸில் பட்டறை வேண்டும், அதில் குறைந்தது 15 முழுநேர ஊழியர்கள் வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் குறைந்தது 25 உடைகள் காட்ட வேண்டும். டோக்கியோவில் ஒரு நிலவறையில் நான்கு மாணவர்கள் அந்த வகை வேலைக்கு ஆசைப்பட்டார்கள் என்பதை இந்த எண்களோடு வைத்துப் பாருங்கள். அந்த ஆசையின் அளவும் அது உடையப் போவதும் ஒன்றாகவே தெரியும்.

யசாவா ஃபேஷன் பள்ளியில் சேர்ந்து பாதியில் விட்டவர். அது ஒவ்வொரு கட்டத்திலும் தெரிகிறது. தையல் இயந்திரத்தின் முன்னால் விடியவிடிய உட்கார்ந்தவருக்குத்தான் அந்தக் களைப்பையும் அந்த வெறியையும் அப்படி வரைய வரும்.

இஸபெல்லாவைச் சொல்லாமல் விட முடியாது. பையனாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவர். சிறுவயதில் ஜார்ஜ் அவருக்கு ஒரு கவுன் தைத்துக் கொடுத்தான். அவர் போட்ட முதல் கவுன் அது. ஒருவருடைய உடம்பையும் மனதையும் பார்த்து, அவருக்கென்று மட்டும் ஒருவர் வெட்டித் தைப்பது என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. இகுதோவும் சியுகிக்குச் செய்வது அதைத்தான்.

10 மார்ச் 2025

‘அப்படியானால் பாரடைஸ் கிஸ்தான் உசத்தி என்கிறீர்களா?’

கலையாகப் பார்த்தால், ஆமாம். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு எதைக் காட்டுவேன் என்றால் ‘ஸ்மைல் டவுன் த ரன்வே’யைத்தான். ஜார்ஜ் திறமையோடு வந்தவன், அவன் கற்றுக்கொள்வதை நாம் பார்ப்பதே இல்லை. இகுதோவை யனகிடா முதல் நாளே துரத்தப் பார்க்கிறார். அவனுக்குத் தெரியாதவை நிறைய. ஒவ்வொன்றாகக் கற்கிறான், பிறர் செய்வதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். வேலை எப்படிக் கைக்கு வருகிறது என்பதைக் காட்டும் தொடர்கள் குறைவு.

17 மார்ச் 2025

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ரசிகர் மன்றம் போலாகிவிடும்.

ஃபேஷனைப் பற்றிய அனிமேயில் துணி அசைய வேண்டும். இதில் பல இடங்களில் அசையவில்லை. ரன்வேக் காட்சி வரும்போது ஒரு நிலைப்படம், அதன் மேல் கேமரா மெதுவாக ஏறுகிறது, பிறகு பார்வையாளர்கள் வாயைப் பிளக்கிறார்கள். ஏன் பிளந்தார்கள் என்று நமக்குத் தெரிவதில்லை. ஷிஃபான் நடக்கும்போது காற்றில் எப்படிப் பின்தங்கி வரும், கனமான கம்பளித் துணி காலோடு எப்படித் திரும்பும், இதெல்லாம்தான் ஓர் உடையை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது. ஒவ்வொரு அடியிலும் மடிப்பு மாறும் துணியைக் கையால் வரைவது பெரும் உழைப்பு என்பது புரிகிறது. ஒரு முக்கிய ஷோவில் ஒரே ஒரு நடையையாவது முழுதாக வரைந்திருக்கலாம். ஓர் உடையாவது நம் கண்முன் உயிரோடு போயிருக்கும்.

பின்பாதியில் அவசரமும் தெரிகிறது. பன்னிரண்டு எபிசோடில் அடக்க வேண்டும் என்று போட்டிப் பகுதியை வேகமாகத் தள்ளியிருக்கிறார்கள். தோ ஆயானோ, பெரிய பிராண்ட் நடத்தும் பாட்டியின் பேரன், அந்தப் பாட்டியின் நிழலிலேயே மூச்சுத் திணறும் பையன். அவனுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

18 மார்ச் 2025

‘சியுகியின் அப்பாதானே மில் நேஜ் தலைவர்? வாரிசுக்கு என்ன கஷ்டம்?’

அப்பா தலைவராக இருக்கும் இடத்தில்தான் அவள் மறுபடி மறுபடி நிராகரிக்கப்படுகிறாள். மகள் என்பதால் கதவு திறந்திருந்தால் கதையே கிடையாது. ஆனாலும் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. சிறுவயதிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் வளர்ந்தவள் அவள். நடையைப் பார்த்துப் பார்த்துக் கற்றவள். இகுதோவுக்கு அப்படி எதுவும் இல்லை. யனகிடாவிடம் போக வழி கிடைத்ததும் அவளுடைய அப்பா மூலமாகத்தான். திறமை மட்டும் போதும் என்று இந்தக் கதை சொல்லவில்லை. உள்ளே அழைத்துப் போக ஓர் ஆள் வேண்டும் என்பதைப் பூசி மெழுகாமல் காட்டுகிறது.

29 மார்ச் 2025

ஒரு மாணவி தனியாக எழுதிக் கேட்டார். இந்தத் தொடரைப் பார்த்து ஃபேஷன் படிக்க ஆசை வந்ததாம். டிசைன் படிப்பில் சேரலாமா, பேட்டர்ன் மேக்கிங் படித்தால் வெறும் டெய்லர் என்று சொல்லிவிடுவார்களா என்று. அவர் சம்மதத்தோடு பதிலை இங்கேயே போடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

தங்கச்சி, எதில் சேர்ந்தாலும் பேட்டர்னைக் கைவிடாதே. கவாகுபோ ரெய் ஃபேஷன் பள்ளியில் படித்தவர் இல்லை. கெய்யோ பல்கலைக்கழகத்தில் கலையும் இலக்கியமும் படித்து, ஒரு ஜவுளி நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவர். 1969இல் கொம் தெ கார்சோன் என்ற தன் ஃபேஷன் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் மனதில் இருப்பதைத் துணியாக மாற்றுவது பேட்டர்ன் மேக்கர்கள். அந்த நிறுவனத்தில் 1984இல் பேட்டர்ன் வேலைக்குச் சேர்ந்தவர்தான் வதனபே ஜுன்யா. பிறகு தன் பெயரிலேயே பாரிஸில் கலெக்‌ஷன் காட்டும் இடத்துக்கு வந்தார். படம் வரையப் பலருக்குத் தெரியும். வரைந்ததை உடம்பில் நிற்கவைப்பது வேறு வேலை. அது தெரிந்தவர் கையை எந்த நிறுவனமும் சுலபத்தில் விடாது.

‘வெறும் டெய்லர்’ என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே. ஒரு பழைய ஜாக்கெட்டை எடுத்து எல்லாத் தையலையும் பிரி. துண்டுகளை இஸ்திரி போட்டுக் காகிதத்தில் வரைந்து பார். தட்டையான இந்த வடிவங்கள் எப்படித் தோளும் மார்பும் ஆயின என்று வியப்பு வருகிறதா? வந்தால் தைரியமாகச் சேர்.

30 மார்ச் 2025

மேலே உள்ள குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர், ‘158 செ.மீ. மாடலுக்கும் நிஜத்தில் வேலை உண்டா, அதைச் சொல்லவில்லையே’ என்கிறார். உண்டு. பத்திரிகை, விளம்பரம், இணையக் கடைகளின் படப்பிடிப்பு, உயரம் குறைந்தோருக்கான உடைகள், எல்லாவற்றிலும் உண்டு. சியுகிக்கும் இது தெரியும். கதையிலும் அந்த வழியை அவளிடம் சொல்கிறார்கள். அவள் கேட்பது பாரிஸ். அதைப் பிடிவாதம் என்று சொல்லலாம். வேறு நல்ல வேலை இருக்கிறது என்பது அவள் கேட்ட கேள்விக்குப் பதில் ஆகாது என்று நான் நினைக்கிறேன்.

6 ஏப்ரல் 2025

கடைசியாக வந்த கேள்வி: அனிமே முடிந்த இடத்திலிருந்து அதன் மூலமான மங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதையை) தொடரலாமா?

வேண்டாம், முதல் தொகுதியிலிருந்து படியுங்கள். ‘வீக்லி ஷோனென் மேகஸின்’ இதழில் 2017இலிருந்து 2021 வரை வந்தது, மொத்தம் 22 தொகுதிகள். அனிமே தொட்டது அதன் முன்பகுதியை மட்டும்தான், அதிலும் தைக்கும் காட்சிகளைக் குறைத்துவிட்டார்கள். சியுகி பாரிஸ் போனாளா இல்லையா என்பதை இங்கே யாரும் போட்டு உடைக்காதீர்கள், கேள்வி கேட்டவர் இன்னும் படிக்கவில்லை. யனகிடாவின் பட்டறைக்குள் நடக்கும் பகுதிகளை மட்டும் அவசரமில்லாமல் படிக்கச் சொல்வேன். ஊசி எங்கே ஏறுகிறது, துணி எந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது என்பதை இனோயா கவனித்து வரைந்திருக்கிறார். படித்தவர்கள் எந்த உடை பிடித்தது என்று இங்கே எழுதுங்கள். அதன் பேட்டர்னை வரைந்து பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.